படம் உண்மை, கதை பொய்: ஒரு பதிவைச் சோதிப்பது எப்படி?

2023 மார்ச் முதல் வாரத்தில் சில வீடியோக்கள் வடமாநிலங்களில் தீயாகப் பரவின. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்பது அவற்றோடு வந்த செய்தி. அப்போது தமிழ்நாடு காவல்துறைத் தலைவராக (டிஜிபி) இருந்த சைலேந்திர பாபு வீடியோவிலேயே வந்து மறுப்பு சொன்னார். ஒரு வீடியோ திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரண்டு குழுவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேருக்குள் நடந்த தகராறு. அந்த வருடம் ஹோலி மார்ச் 8-ம் தேதி வந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ரயில் நிலையத்தில் முண்டியடித்த காட்சியைக்கூட ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்று போட்டார்கள். பீகார் சட்டமன்றத்தில் பிரச்சினை வெடித்து, அங்கிருந்து நான்கு அதிகாரிகள் கொண்ட குழு இங்கே நேரில் வந்து பார்க்கும் அளவுக்குப் போனது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காட்சிகளை யாரும் கம்ப்யூட்டரில் உருவாக்கவில்லை. கேமராவில் பதிவானவைதான். மார்ஃபிங் செய்திருக்கிறார்களா, ஏஐயா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எதுவும் சிக்கியிருக்காது, ஏனென்றால் பொய் படத்தில் இல்லை, படத்துக்குக் கீழே எழுதிய இரண்டு வரியில் இருந்தது.

அதனால் பதிவுகளைச் சோதிக்கப் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ‘இது உண்மையா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு நிற்காதீர்கள் என்பதுதான். இது எங்கே நடந்தது, எப்போது நடந்தது, இதை இப்போது என்னிடம் காட்டி என்னை என்ன செய்யவைக்கப் பார்க்கிறார்கள்: இந்த மூன்றையும் கேளுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றுக்கும் பதில் தேடுகிற வழிகள்தான். பழகிவிட்டால் பெரும்பாலான பதிவுகளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முதல் படி: கை வைக்காமல் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்

கோபம், பயம், பெருமிதம், அழுகை, இந்த நான்கில் ஒன்று திடீரென்று ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவு பொய் என்பதற்கு அது சாட்சி இல்லை, நிஜமான அநியாயத்தைப் பார்த்தாலும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கையாள நினைக்கிறவர் முதலில் தேடுவது அந்தக் கோபத்தைத்தான், அதனால் அது ஏறும் நேரத்தில் ஃபார்வர்ட் பட்டனைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் பதிவு உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ‘ஊடகங்கள் மறைக்கும் உண்மை’, ‘நீக்கப்படுவதற்கு முன் பாருங்கள்’, ‘தமிழனாக இருந்தால் பகிர்’, ‘உங்கள் குழந்தைகளைக் காப்பாற்ற அதிகம் பகிரவும்’. இந்த வரிகள் எந்தத் தகவலையும் தருவதில்லை. நீங்கள் யோசிப்பதற்கு முன் பகிரவைப்பதுதான் அவற்றின் வேலை. தகவல் இருக்கிற பதிவில் ஊர், தேதி, யார் சொன்னார்கள் என்பது இருக்கும். ஒரு பதிவை எடுத்து உணர்ச்சி வார்த்தைகளையெல்லாம் மனதுக்குள் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள், பல சமயம் எதுவுமே மிஞ்சாது.

வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைமாறி வந்தது என்பதற்கான அடையாளம் அது. அனுப்பியது உங்கள் அத்தையாக இருக்கலாம், எழுதியது அத்தை இல்லை. அத்தை மேல் இருக்கும் நம்பிக்கையைப் பதிவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படத்தின் பிறந்த ஊரைக் கண்டுபிடியுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பலன் தருகிற படி இதுதான், ஆனால் மிகக் குறைவானவர்களே செய்கிறார்கள். போனில் படத்தைச் சேமித்து, கூகுள் ஆப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் இருக்கும் கேமரா அடையாளத்தைத் தொட்டு அந்தப் படத்தைக் கொடுங்கள். இதே படம் முன்பு எங்கெல்லாம் வந்தது என்று காட்டும். டின்ஐ (TinEye) என்று இன்னொரு தளம் இருக்கிறது, அதில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தலாம். நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் ஐந்து வருடத்துக்கு முன்பே வேறொரு நாட்டுச் செய்தியில் வந்திருந்தால் வேலை முடிந்தது.

வீடியோ என்றால் நடுவில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது: முகங்கள் மட்டும் இருக்கும் இடத்தில் வேண்டாம், கட்டடம், கடைப் பலகை, வண்டி தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மேலே ஒட்டியிருக்கும் தலைப்பு எழுத்துகளை வெட்டிவிட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் தேடுபொறி அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி முயற்சி செய்யுங்கள்.

தேடலில் சிக்காவிட்டாலும் படமே நிறையச் சொல்லும். கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது? வண்டி எண் டிஎன் என்று தொடங்குகிறதா, ஆர்ஜே என்று தொடங்குகிறதா? ஆர்ஜே என்றால் ராஜஸ்தான். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றனவா? அப்படியானால் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. போலீஸ் உடை, ஆட்டோவின் நிறம், பஸ்ஸின் நிறம், மின்கம்பம், மழையா வெயிலா, எல்லாமே தடயம். சத்தத்தையும் கேளுங்கள். பின்னணியில் பேசுவது எந்த மொழி? சத்தத்தை எடுத்துவிட்டு சோகப் பாட்டு போட்டிருந்தால் அந்தச் சத்தத்தில் என்ன இருந்தது என்று சந்தேகப்படுங்கள்.

2018-ல் இந்தியா முழுக்கப் பரவிய குழந்தைக் கடத்தல் வீடியோ ஒன்று நினைவிருக்கும். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல்போகும் குழந்தைகளைப் பற்றி எச்சரிப்பதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அசலில் அதே பைக் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிடும், ஒரு அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். கூடவே வரிசையாகக் குழந்தைகளின் உடல்கள் கிடக்கும் படம் ஒன்றும் வந்தது, உறுப்புகளுக்காகக் கொன்றார்கள் என்று. அது 2013-ல் சிரியாவின் கூட்டாவில் நடந்த ரசாயனத் தாக்குதலில் இறந்த பிள்ளைகளின் படம்.

அதே நேரத்தில் நம் வடமாவட்டங்களில் தமிழில் ஆடியோக்கள் சுற்றின, வடநாட்டுக்காரர்கள் பிள்ளை பிடிக்க இறங்கிவிட்டார்கள் என்று. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சொந்தக்காரர்களோடு காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் வழி கேட்க இறங்கினார், அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி ஊரே கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார், கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். படத்தைத் தேடிப் பார்ப்பதும் ஆடியோவை நிறுத்திவைப்பதும் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நான் இந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்த ஆடியோவை அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மேல் இருந்த அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்கள். அதே வருடம் ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியதற்கு நாடு முழுவதும் நடந்த இந்த மாதிரிக் கொலைகள்தான் காரணம்.

நியூஸ் கார்டு வந்தால்

தமிழில் பொய் பரவுவதற்கு இது தனி வழி. சன் நியூஸ், புதிய தலைமுறை, தந்தி டிவி போன்ற சேனல்களின் லோகோ போட்ட சதுரக் கார்டு, நடுவில் ஒரு தலைவரின் படம், பக்கத்தில் அவர் சொன்னதாக ஒரு வரி. அசல் கார்டை எடுத்து வரியை மட்டும் மாற்ற பத்து நிமிடம் போதும். தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிகளின் பெயரிலும் இவை கொட்டும்.

எழுத்துரு வித்தியாசமாக இருக்கிறதா, ஒற்றுப்பிழை இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அதை வைத்தே முடிவு செய்யாதீர்கள், நன்றாகச் செய்த போலிகளும் உண்டு. நேராக அந்தச் சேனலின் ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்துக்குப் போய் அந்தத் தேதிக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் பகிராதீர்கள். பல சமயம் அந்தப் பக்கத்திலேயே ‘இது போலி’ என்று முத்திரை போட்டு அவர்களே வெளியிட்டிருப்பார்கள். கார்டு அசல்தான் என்று தெரிந்தாலும் பேச்சின் முழு வீடியோவைத் தேடிப் பாருங்கள். ‘அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நான் ஏற்கவில்லை’ என்று ஒருவர் பேசியிருப்பார், முன்பாதி மட்டும் கார்டில் ஏறியிருக்கும்.

சொன்னவர் யார்: பதிவைவிட்டு வெளியே போங்கள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் என மூன்று தரப்பிடமும் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். படித்த பேராசிரியர்களே பலர் ஏமாந்தார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்திலேயே இருந்துகொண்டு வடிவமைப்பையும் எழுத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உண்மை சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நாமும் அதையே செய்தால் போதும். பதிவுக்குள்ளேயே உட்கார்ந்து நேர்மையை எடைபோட முடியாது.

ஃபேஸ்புக் பக்கமாக இருந்தால் அதன் அறிமுகப் பகுதியில் பக்க வெளிப்படைத்தன்மை என்று ஒன்று இருக்கும். எப்போது தொடங்கினார்கள், எத்தனை முறை பெயரை மாற்றினார்கள், நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும். நேற்றுவரை சமையல் குறிப்பு என்ற பெயரில் ஆள் சேர்த்துவிட்டு இன்று அரசியல் பக்கமாக மாறியிருந்தால் கவனமாக இருங்கள். இன்ஸ்டாகிராமிலும் இந்தக் கணக்கைப் பற்றி என்ற இடத்தில் சேர்ந்த மாதமும் பழைய பெயர் விவரமும் கிடைக்கும்.

பதிவில் இருந்து விசேஷமான ஒரு வாக்கியத்தை நகலெடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இருபது பேர் ‘என் பக்கத்து வீட்டில் நடந்தது’ என்று அதே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தால் அது யாருடைய பக்கத்து வீடும் இல்லை. ஹேஷ்டேக் ஒன்று திடீரென்று மேலே வருகிறபோதும் இதைச் செய்து பாருங்கள், ஒரு கட்சியின் இணையப் பிரசாரக் குழு (ஐ.டி. விங்) எழுதிக்கொடுத்ததை ஒட்டியவர்கள் எத்தனை பேர், தானாக எழுதியவர்கள் எத்தனை பேர் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

வேறு யார் சொல்கிறார்கள்?

பெரிய சம்பவம் என்றால் ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்காது. நடந்த ஊரின் மொழியில் தேடுங்கள், இது முக்கியம். திருப்பூரில் நடந்ததாகச் சொல்வதை இந்தியில் தேடினால் அதே வதந்திதான் திரும்பத் திரும்ப வரும், தமிழில் தேடினால்தான் மாவட்ட போலீஸின் விளக்கமும் உள்ளூர் நிருபரின் செய்தியும் கிடைக்கும். கூடவே யூடர்ன், ஃபேக்ட் கிரெசென்டோ, நியூஸ்செக்கர் போன்ற தமிழில் இயங்கும் சரிபார்ப்புத் தளங்களிலும் இரண்டு வார்த்தை போட்டுத் தேடுங்கள். அரசுத் தரப்பு சரிபார்ப்பு அமைப்புகளும் இருக்கின்றன. அரசு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவர்கள் சொல்வது ஒரு தரப்பின் பதில் என்று எடுத்துக்கொண்டு வேறொரு இடத்திலும் பாருங்கள்.

ஒப்புக்கொள்ளும் வீடியோக்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் இது தேறிவிடும்.

2018 பிப்ரவரி 26 இரவு, இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகம். சாப்பிட வந்த சிங்களவர் ஒருவர் குழம்பில் ஏதோ கட்டியைப் பார்த்துவிட்டு, சிங்களவர்களை மலடாக்க மாத்திரை கலக்குகிறீர்களா என்று கத்தினார். கூட்டம் சேர்ந்தது. கடையை நடத்தியவருக்குத் தமிழ்தான் மொழி, சிங்களம் சரியாகத் தெரியாது. சுற்றிலும் ஆட்கள், கையில் போன், மிரட்டல். என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலேயே ஆமாம் என்றார். அந்த ஆமாம்தான் வீடியோவாக நாடு முழுக்கப் போனது. கடை நாசமானது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. ஆய்வுக்கு அனுப்பியதில் அது மாவுக் கட்டி என்றுதான் வந்தது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகனையில் வெடித்த கலவரத்தின்போது இந்த வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்தது. அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கும் அளவுக்கு நிலைமை போனது. 2020-ல் ஃபேஸ்புக் நிறுவனம் அதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

இடம் சரி, தேதி சரி, ஆள் சரி, அவர் சொன்ன வார்த்தையும் சரி. ஆனாலும் பொய். அதனால் ஒருவர் கேமரா முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்கிற எந்த வீடியோவைப் பார்த்தாலும் கேமராவைப் பிடித்திருப்பவர் யார், சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், கேள்வி எந்த மொழியில் கேட்கப்படுகிறது, வீடியோ எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். நடுவில் தொடங்கும் வீடியோவுக்கு ஒரு முன்பாதி இருக்கிறது. அது வெளியே வரும்வரை காத்திருங்கள்.

ஏஐ, பணம்

ஏஐ படத்தை விரல் எண்ணிக் கண்டுபிடிக்கிற காலம் போய்விட்டது. பார்த்தே சொல்லிவிடுவேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எடுத்தவர் யார், வேறு கோணத்தில் யாராவது எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆயிரம் பேர் நின்ற இடத்தில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால் ஏதோ இடிக்கிறது.

மத்திய நிதியமைச்சரோ பெரிய தொழிலதிபரோ ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பது போன்ற வீடியோ வந்தால் நேரம் செலவழிக்க வேண்டியதே இல்லை, அது போலி. உறுதியான லாபம் என்ற வார்த்தை வந்தாலே போதும். ஆலோசகர் என்று சொல்கிறவரின் பதிவு எண்ணை, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு குறையும். இன்ஃப்ளூயன்சர் ஒரு பொருளைப் புகழ்ந்தால் விளம்பரம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பணமோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்பது இந்தியாவில் விதி.

எல்லாவற்றையும் சந்தேகப்படுவதும் தவறு

இதையெல்லாம் கற்றுக்கொண்டவர்கள் அடுத்துப் போய் விழும் பள்ளம் இது. எதையும் நம்பமாட்டேன் என்கிறவரும் கையாளுகிறவர்களுக்கு வசதியான ஆள்தான், ஏனென்றால் நிஜமான கொடுமைக்கு நிஜமான ஆதாரம் வரும்போதும் ‘எல்லாம் செட்டப்’ என்று ஒதுக்கிவிடுவார்.

நேர்மையான பதிவுக்கும் அடையாளம் உண்டு. ஊரும் நேரமும் இருக்கும். தான் நேரில் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் எழுதுகிறவர் பிரித்துச் சொல்வார். கருத்துப் பகுதியில் கேள்வி கேட்டால் பதில் வரும், தவறு என்று தெரிந்தால் திருத்தியிருப்பார். 2015 வெள்ளத்தில் சென்னையில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற புரளியும் சுற்றியது, மாடியில் சிக்கியவர்கள் போட்ட உண்மையான உதவிக் கோரிக்கைகளும் அதே குழுக்களில் சுற்றின. இரண்டையும் ஒரே சந்தேகத்தோடு தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உதவி கேட்டு வரும் பதிவில் எண் இருந்தால் அழைத்துப் பேசுங்கள், ரத்தம் தேவை என்றால் மருத்துவமனைக்குப் பேசுங்கள். தேவை இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால் ‘இன்று காலை 10 மணிக்குப் பேசினேன், இன்னும் தேவைப்படுகிறது’ என்று ஒரு வரி சேர்த்துப் பகிருங்கள். அந்த ஒரு வரி அடுத்தவருக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமா?

குடும்பக் குழுவில் எப்படிச் சொல்வது

பெரியவர்களைக் குழுவில் வைத்துத் திருத்தினால் அவர்கள் பதிவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், மானப் பிரச்சினையாகிவிடும். தனியாக அனுப்புங்கள். ‘சித்தப்பா, நீங்கள் அனுப்பிய வீடியோவைத் தேடிப் பார்த்தேன், இது 2016-ல் கராச்சியில் எடுத்ததாம், முழு வீடியோ இதோ. நம் குழுவில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், நீங்களே எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும்’ என்கிற மாதிரி. ஆதாரம் ஒன்று போதும், பத்து லிங்க் அனுப்பினால் படிக்கமாட்டார்கள். அவர் கேட்காவிட்டால், அந்தப் பதிவு ஏதாவது ஒரு சமூகத்தின் மேலோ தனி ஆளின் மேலோ பழி போடுவதாக இருந்தால் மட்டும் குழுவிலேயே மறுப்பைப் போடுங்கள். அவரைக் குறிப்பிட வேண்டாம், தகவலை மட்டும் சொல்லுங்கள்.

நீங்களே தவறானதைப் பகிர்ந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே எல்லோருக்கும் நீக்கும் வசதி இருக்கிறது, நீக்குங்கள். ஆனால் நீக்கினால் மட்டும் போதாது, பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தான், அதற்குள் வேறு குழுவுக்கும் அனுப்பியிருப்பார்கள். அதே குழுவில், அதே ஆட்கள் பார்க்கும்படி, ‘நேற்று நான் அனுப்பிய வீடியோ தவறானது, யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்’ என்று எழுதுங்கள், சரியான தகவலையும் கூடவே வையுங்கள்.